ஃபியூஸ் மன்னிப்புக் கேட்காது

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். உனக்கு நினைவில்லாவிட்டால் உன் அம்மாவைக் கேள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மறதி.

தூதரகத்து வேலைக்கு நீ கிளம்பிய அன்று, விமான நிலையத்து வாசலில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னேன்: "அங்க மெஷினால உனக்கு ஒரு தொல்லையும் வராது. மனுஷனாலதான் வரும்." பிறகு நீ ஒரு குழுப் படம் அனுப்பினாயே, அதில் தூதருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் விரலை வைத்து, "இவன்தான்" என்றேன். கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டு, வயிற்றுப் பொத்தானைத் திறந்து விட்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் சட்டத்தை ஊருக்குச் சொல்வார்கள், தங்களுக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். இப்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் என் கைக்கு வந்தால்தானே. சென்ற வாரம் நீ அழுதுகொண்டே பேசியபோது நான் நடுவில் புகுந்து, "அந்த ஆள லைன்ல குடு, ரெண்டு வார்த்தை பேசணும்" என்றேன். அன்றிலிருந்து உன் அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள். உன் தோழியின் கணவர் வெள்ளிக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அலுவலக முகவரிக்கு அனுப்பியிருந்தால் அந்த ஆள் பிரித்துப் படிப்பார். படித்தால் நல்லதுதான். ஆனால் என் கையெழுத்தைப் படிக்க என் வாத்தியார்களாலேயே முடியவில்லை. அதனால்தானே எட்டாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டார்கள்.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத முடியாது. உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா சாப்பிடுகிறார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. உன் அத்தை நலம். நான் எப்போதும் நலம்.

முதலில், நடந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். நீ விசும்பிக்கொண்டே சொன்னாய், உன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள், இரண்டு பேருக்கும் நடுவில் நிதானமாகக் காது கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

உங்கள் தூதரகத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. நான் இங்கே எல்லாரிடமும் அது தரைக்கு அடியில் ஏழு மாடி ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ படி ஏறித்தான் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் ஆழம் என்றே சொல், என் பேச்சைக் கெடுத்துவிடாதே. அந்த அறைக் கதவுக்கு வெளியே, சுவரில் தபால்பெட்டி மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், தூதரே ஆனாலும், போனை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் உங்கள் தலைமையகத்தோடு மட்டும் பேசும். வெளியிலிருந்து ஒரு துரும்புகூட அதன் மேல் படக்கூடாது. அதைக் காவல் காப்பவள் நீ. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தக் குளிரில், அந்த இரைச்சலில்.

அன்றைக்கு உங்கள் இரண்டாம் ஐயா, அதாவது அந்தப் படத்து ஆள், கோட்டுப் பைக்குள் போனோடு உள்ளே வந்தார். தூதருக்கு அடுத்த பதவி என்பதால் ஐயா என்று எழுதுகிறேன், மனதுக்குள் வேறு பெயர் வைத்திருக்கிறேன். போனில் சார்ஜ் இல்லை. யாருக்காகவோ காத்திருந்த நேரத்தில், சார்ஜ் ஏறட்டும் என்று அதை எடுத்து அந்தக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டார். ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் மாட்டுகிற கூட்டம். இந்தக் கூட்டத்தால்தான் நான் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிப் பிழைக்கிறேன், ஆகவே அதிகம் திட்டக் கூடாது.

கம்ப்யூட்டர் கத்தியது. நீ ஓடிவந்து பார்த்தாய். யாரையும் கேட்காமல் மொத்தக் கட்டடத்தின் இணைப்பையும் துண்டித்தாய். விசா ஜன்னல்கள் மூடின. வாசலைத் தாண்டி நின்ற வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மந்திரியோடு திரையில் பேசச் சீவிச் சிங்காரித்து உட்கார்ந்த தூதர், கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித் துண்டிக்க வேண்டும் என்பது உங்கள் விதி. யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே என்பதும் அதே விதி. இதை நீ அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய். அவள் காதில் விழுந்தது "யாரையும் கேக்காம" என்பது மட்டும்தான்.

இப்போது இரண்டாம் ஐயா, தன் போன் வெளியே பெட்டிக்குள்தான் இருந்தது என்கிறார். கம்ப்யூட்டரோ, போன் மாட்டப்பட்டதைத் தானாகவே குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை அழிக்கிற அதிகாரம் உனக்கு மட்டும். ஆகவே நீ அதை அழிக்க வேண்டுமாம். அழித்துவிட்டு, "எந்தப் போனும் மாட்டப்படவில்லை, அனுபவக் குறைவால் பயந்து துண்டித்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று அவர்களே தட்டச்சு செய்து வைத்திருக்கிற தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் வேலை நிலைக்கும். போடாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

சரியாகச் சொன்னேனா? சரியாகத்தான் இருக்கும். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று உன் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்று சுற்றும். இன்னொன்று நம்மைச் சுற்ற வைக்கும்.

இனி நான் சொல்வதைக் கேள். ஒரு வீட்டில் எங்கோ கோளாறு, ஃபியூஸ் போகிறது. வீடு இருட்டாகிறது. வீட்டுக்காரன் எரிச்சலில் ஃபியூஸைத்தான் முதலில் திட்டுவான். திட்டட்டும். ஆனால் இத்தனை வருடத் தொழிலில் எந்த ஃபியூஸும் என்னிடம் வந்து, அனுபவக் குறைவால் போய்விட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னதில்லை. அது போவதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறோம். சில புத்திசாலிகள் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பார்கள். அந்த வீட்டில் விளக்கு அணையவே அணையாது, கூரை பற்றிக்கொள்கிற வரைக்கும். உன்னை அந்தத் தடித்த கம்பியாக இருக்கச் சொல்கிறார்கள். இந்த ஃபியூஸ் கதையை நான் எஞ்சினியர்கள் நிறைந்த ஒரு சபையில் சொன்னபோது எழுந்து நின்று கை தட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடினோம். அம்மா, அப்பா, பெரியப்பா, நான், உன் அத்தை. நீ திடீரென்று கூப்பிட்டுவிடுவாயோ என்று போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசினார்கள். பேசப்போவது உன்னைப் பற்றி, நீ கேட்டுவிடக் கூடாதாம். நம் குடும்பம் எப்போதும் அப்படித்தான்.

பெரியப்பா வழக்கம் போல் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஒரு கையெழுத்துதானே. பேனாவுல மை தீந்துடுமா? நான் பேங்க்ல மேனேஜரா இருந்தப்போ ஒரு நாளைக்கு எத்தனை போட்டிருப்பேன். எதையாவது படிச்சா போட்டேன்?"

"அது பேங்குக்கே தெரியும், பெரிய மச்சான்" என்றேன்.

உன் அம்மா என் மேல் பாய்ந்தாள். "உனக்கு வாய் இருக்குங்கிறதுக்காக அவ பொழப்புக்கு உலை வைக்காதடா. தனியாக் கெடக்குறா அங்க. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு" என்றேன்.

"உள்ளதைச் சொல்றதப் பத்தி நீங்க பேசுறீங்களா?" என்று மூலையிலிருந்து உன் அத்தை கேட்டாள். அந்தத் துக்கத்திலும் உன் அம்மா சிரித்துவிட்டாள். நான் பொருட்படுத்தவில்லை. உன் அத்தைக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, உனக்கும் தெரியும்: மாமா சொல்வதில் பாதியைக் கழி, மீதியை இரண்டால் வகு. கல்யாணமானதிலிருந்து அந்தக் கணக்கைப் போட்டுத்தான் குடும்பம் நடத்துகிறாள். நன்றாகத்தான் நடத்துகிறாள்.

பெரியப்பா விடவில்லை. "போனுதானே சொருகினாரு, பாம்பா விட்டாரு? ஒண்ணும் ஆகலையே" என்றார்.

அப்போதுதான் நீ அம்மாவிடம் சொன்ன ஒரு விஷயத்தை நான் சபையில் வைத்தேன். மற்றவர்கள் அதைக் கேட்டும் கேட்காதது மாதிரி விட்டுவிட்டார்கள். நீ சொன்னாய்: "எதுவும் வெளிய போகலன்னு எனக்குத் தெரியாதும்மா. தேடிப் பாக்கணும். போனே மாட்டலன்னு நான் எழுதிக் குடுத்துட்டா யாரும் தேட மாட்டாங்க." அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பது வெறும் எழுத்து இல்லை என்றாய். அந்த நாட்டில் மாட்டிக்கொண்டு, ரகசியமாக வந்து உங்களிடம் உதவி கேட்டவர்களின் பெயர், விலாசம், எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்பது வரை இருக்கிறது என்றாய். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள, வேலைக்குப் போன வீட்டிலிருந்து தப்பி வந்த பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னாய். அவள் பெயரும் அதில்தான் இருக்கிறது என்றாய்.

இதைச் சொன்னதும் அறையில் மின்விசிறி மட்டும்தான் பேசியது. அது நான் காயில் கட்டிய மின்விசிறி. சத்தமே வராது என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தேன். லேசாக வருகிறது.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் அதிகாரிகளின் அறை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே மணி அடித்தால் எழுந்து ஓடியவர். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் பாதி எழுந்துவிடுவார். எந்த அதிகாரியைப் பற்றியும் வீட்டில் ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அந்த மனிதர் எழுந்தார். மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர்ச் செம்பு உருண்டு பெரியப்பாவின் வேட்டியை நனைத்தது. அவருடைய கண்ணாடி மூக்கிலிருந்து வாய்க்கு வந்துவிட்டது. உன் அப்பா சொன்னார்: "என் பொண்ணு செஞ்சதுதான் சரி. அவ கையெழுத்து போட மாட்டா. எந்த ஐயா வந்து நின்னாலும் போட மாட்டா. வீட்டுக்கு வரட்டும், நான் இருக்கேன்."

நம்ப மாட்டாய். நானே நம்பவில்லை. பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகவே, வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நீ கலங்க வேண்டாம். தெருவில் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் வேண்டாம், அதை நான் ஏற்கெனவே கவனித்துவிட்டேன். டீக்கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், என் மருமகள் ஒரே விசையில் ஒரு அரசாங்கத்தையே அணைத்துவிட்டாள் என்று. நாலைந்து பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைக்காரர் மட்டும், "அணைக்கிறது சரி, என் டிவி ஆன் ஆக மாட்டேங்குது, அதுக்கு வருமா உங்க மருமக?" என்றார். வருவாள், நேரம் இருந்தால், என்றேன். ஆகவே நீ திரும்பி வந்தால் முதலில் அந்த டிவியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தூதரகம் என்றால் நீ நடுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் தூதரகம் தெரியும். வெளிநாடு போகலாம் என்று ஒரு காலத்தில் விசாவுக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். தூதரே எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, உங்களைப் போன்றவர்கள் இங்கேயே இருப்பதுதான் உங்கள் நாட்டுக்கு நல்லது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்தப் பளபளப்புத் தரை, அந்தக் கொடி, அந்தச் சோபா எல்லாம் வெளியில் இருக்கிறவர்களுக்கு. உள்ளே சார்ஜ் இல்லாத போனோடு அலைகிற மனிதர்கள்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குறிப்பை அழிக்காதே. அவர்கள் தட்டச்சு செய்த தாளில் உன் பேனா படக்கூடாது. ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்றால், வெள்ளைத் தாளை எடு. நடந்ததை நடந்தபடி எழுது. போன் மாட்டப்பட்டது, துண்டித்தேன், மறுபடியும் மாட்டினால் மறுபடியும் துண்டிப்பேன். இதை எழுதி உன் முழுப் பெயரையும் போடு. தூதருக்கு ஒன்று கொடு, தலைமையகத்துக்கு ஒன்று அனுப்பு. மேலே இருக்கிறவர் எல்லாருமே வயிற்றுப் பொத்தானைத் திறந்து விட்டவர்களாக இருக்க மாட்டார்கள்.

அப்புறமும் அனுப்புகிறார்கள் என்றால் அனுப்பட்டும். பெட்டியோடு வா. விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தூக்க நான் நிற்பேன். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், சத்தமாகத்தான் கூப்பிடுவேன், வெட்கப்படாதே. என் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது. ஜன்னல் உண்டு. போனை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாலு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார். பலகை நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

குளிரில் காதை மூடிக்கொள். இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அழுகை வந்தால் வீட்டுக்குப் போய் அழு, அந்த ஆள் முன்னால் மட்டும் வேண்டாம். நிமிர்ந்த தலையோடு நீ பல்லாண்டு இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் அத்தையும் வாழ்த்துகிறாள். அவளுடையதைக் கழிக்க வேண்டாம், முழுசாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

உறையை ஒட்டப் போனவன் தாளை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டேன்.

ஏழு மாடி ஆழம், கை தட்டிய எஞ்சினியர்கள், என் கையைக் குலுக்கிய தூதர். இதிலெல்லாம் நீ உன் அத்தையின் வாய்ப்பாட்டைப் போட்டுக்கொள்வாய், எனக்குக் கவலை இல்லை. ஆனால் உன் அப்பா சொன்னதாக எழுதினேனே, அதில் நீ கழிக்க மாட்டாய். அதை நம்பித்தான் திங்கட்கிழமை அந்த அறைக்குள் போவாய். அதனால் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா மேஜையைத் தட்டவில்லை. நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதும் அவர் எழுந்தது உண்மை. எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "போட்டுடச் சொல்லு. நானும் ஒரு தடவை இப்படிப் போட்டவன்தான். செத்தா போயிட்டேன்?"

எப்போது போட்டார், யார் செய்ததற்காகப் போட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் அம்மாவுக்கே அது புதுச் செய்தி என்று அவள் முகத்திலிருந்து தெரிந்தது.

நான் கிளம்பியபோது கேட் வரைக்கும் கூடவே வந்தார். "போனை மாட்டினது அந்த ஆளுதான்னு பாப்பாவுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்படின்னா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அந்த மிச்சத்தை நானே முடித்து எழுதிவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு அதெல்லாம் கை வந்த கலை. ஆனால் எதைப் போட்டாலும் அவர் வாய்க்குப் பொருந்தவில்லை. நீ அவர் மகள், உனக்கு ஒருவேளை தெரியலாம்.

ஆகவே அம்மாடி, உன் வீட்டில் எல்லாரும் போடு என்றுதான் சொல்கிறார்கள். மேஜையைத் தட்டி, போட மாட்டாள் என்று சொன்னவன் நான். வீட்டுக்கு வரட்டும், நான் இருக்கிறேன் என்று சொன்னவனும் நான்தான். என் பேச்சுக்கு இந்தக் குடும்பத்தில் என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் போடாதே.